பவளத்துக்குள் நடக்கும் சாகுபடி: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதியும் திருத்தியும் வரும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தில் 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து அண்மையில் ஓய்வுபெற்றவள் நான். என் வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்தவர்கள். மறுபாதிப் பிள்ளைகள் மேற்கே நெல் விளையும் ஊர்களிலிருந்து வாய்க்கால் கரையோடு சைக்கிள் மிதித்து வந்தவர்கள். கடலறிந்த பிள்ளைக்கும் வயலறிந்த பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் நெருக்கமாகக்கூடிய உயிரியல் பாடம் ஒன்று உண்டென்றால், அது பவளத்துக்கும் அதன் உடலுக்குள் வாழும் பாசிக்கும் உள்ள உறவுதான் என்பதைப் பணியின் கடைசிப் பத்தாண்டில்தான் நான் முழுதாக உணர்ந்தேன். அந்தப் பாடத்தை நாம் ஒற்றை வரியில் கடந்துவிடுகிறோம். அதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

"பாசி உணவு தருகிறது, பவளம் இருப்பிடம் தருகிறது, இரண்டும் பயன்பெறுகின்றன" என்பதே அந்த வரி. நானும் பல ஆண்டுகள் அதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். அது பிழையான வரி அன்று. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளையிடம், வெயில் ஏறிய ஆண்டுகளில் பவளம் ஏன் வெளுத்துப் போகிறது என்று கேட்டால், அவளிடம் விடை இருக்காது. இரண்டு பேருக்கும் இலாபமாக இருக்கும் ஏற்பாடு எதற்காக முறிய வேண்டும்? அதற்கான விடை, இந்த உறவின் நிபந்தனைகளில் இருக்கிறது. எந்த வெளிச்சத்தில், எந்த வெப்பத்தில், எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைத்தால் இது நடக்கும், எப்போது நின்றுபோகும் என்று சொல்லாமல் இந்த உறவைக் கற்பிப்பது, நீரும் உரமும் பருவமும் பேசாமல் நெல் சாகுபடியைக் கற்பிப்பதற்கு ஒப்பாகும். இதை நட்பின் கதையாக எழுதாமல், ஒரு சாகுபடியாக, அதன் நிபந்தனைகளோடு எழுதித் தாருங்கள் என்பதே உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை.

இந்தக் கோரிக்கை என் மனத்தில் உருவான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் அமர்ந்திருந்தேன். கூட்டுயிர் வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டு கேட்ட வினாவுக்கு, யாரென்று தெரியாத ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "பவளம் தனக்குள் பாசியைப் பயிர் செய்கிறது. பாசி மிகுதியானால் அதில் கொஞ்சத்தைத் தின்றும் விடுகிறது." விடைக்குறிப்பில் உணவும் இருப்பிடமும் மட்டுமே இருந்தன. மதிப்பெண் தர வேண்டும் என்று நான் வாதாடினேன். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எழுதியது, 2023 ஆகஸ்டில் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. எங்கோ படித்தோ யாரிடமோ கேட்டோ அதைச் சரியாகப் புரிந்து எழுதிய பிள்ளைக்கு நாம் சுழியம் போட்டு அனுப்பினோம். அந்தத் தாளின் நீல மை எழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

முதலில், பவளம் எது என்பதிலேயே நம் பிள்ளைகளுக்குக் குழப்பம் இருக்கிறது. மாலையில் கோக்கும் சிவப்புப் பவளமும் பாறை கட்டும் பவளமும் ஒன்றல்ல. புகார்த் துறைமுகத்தில் மணியோடும் முத்தோடும் துகிர் என்னும் பவளமும் குவிந்ததாகச் சங்கப் பாட்டு சொல்கிறது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த மணியில் என்னிடம் வந்து அந்தத் துகிருக்குள்ளும் பாசி உண்டா என்று கேட்பார்கள். அணிகலனாகும் சிவப்புப் பவளத்தின் உடலில் இந்தப் பாசி இல்லை. ஆதலால் அது வெளிச்சம் குறைந்த இடங்களிலும் வாழ முடிகிறது. பாறை கட்டும் பவளமோ வெளிச்சத்தை நம்பிப் பிழைப்பது. வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழம் குறைந்த கடல் அதற்கு வேண்டும். இராமேசுவரம், மண்டபம் பக்கமும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும் இருப்பவை இந்த வகைப் பாறைகள். ஒவ்வொரு பாறையும் கோடிக்கணக்கான சிறு உயிர்கள் சுண்ணாம்பை வைத்துக் கட்டி எழுப்பியது. அந்தச் சிறு உயிர் ஒவ்வொன்றும், வாயைச் சுற்றிக் கொடுக்குக் கைகள் கொண்ட ஒரு குட்டிக் கடல் சாமந்தி, அதாவது பூப்போலத் தோன்றும் கடல் விலங்கு, என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். சாமந்தியும் பவளமும் நெருங்கிய உறவினர்தாம். சாமந்தி வீடு கட்டாது, பவளம் கட்டும்.

இந்த உயிரின் உள் அடுக்கிலுள்ள உயிரணுக்களுக்குள் பாசி இருக்கிறது. ஒட்டிக்கொண்டோ இடுக்கில் ஒதுங்கியோ அல்ல, உயிரணுவுக்கு உள்ளேயே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள, பொன்பழுப்பு நிற உருண்டைகள் அவை. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளப் பரப்பில் பத்து இலட்சத்துக்கு மேலும் இருக்கும். பவளத்துக்கு நாம் காணும் பழுப்பு நிறத்தில் பெரும்பகுதி இந்தப் பாசியின் நிறமே. ஜெர்மானிய அறிஞர் கார்ல் பிராண்ட் 1881-ல் இவற்றுக்கு 'சூசாந்தெல்லா' என்று பெயரிட்டார். விலங்குக்குள் இருக்கும் மஞ்சள் அணு என்பது அதன் பொருள். 1958-ல் லெனார்ட் மஸ்கட்டைன், கேடட் ஹேண்ட் என்ற இருவரும் கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்து, பாசி பிடித்த கார்பன் சாமந்தியின் சதைக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். உணவு கைமாறுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது அப்போதுதான். பவளத்தில் அல்லாமல் ஒரு கடல் சாமந்தியில் அது முதலில் காட்டப்பட்டது என்பது பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. 1962-ல் ஹியூகோ ஃபிராய்டன்தால் இந்தப் பாசிக்குச் சிம்பயோடினியம் என்ற பேரினப் பெயரைக் கொடுத்தார். ஒரே இனம் என்று நெடுங்காலம் நினைக்கப்பட்டது, இன்று பல பேரினங்கள் கொண்ட ஒரு குடும்பமாக அறியப்படுகிறது. அவற்றுள் சில வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குபவை.

பெரும்பாலான பவளங்களில் தாய் தன் குஞ்சுக்குப் பாசியைக் கொடுத்து அனுப்புவதில்லை. முட்டையிலிருந்து வரும் இளம் பவளம் வெறுங்கையோடு கடலில் மிதந்து, பாறையில் ஒட்டி, பிறகே கடல்நீரில் நீந்தித் திரியும் பாசியை வாய்வழியே விழுங்குகிறது. விழுங்கிய வேறெதுவும் செரித்துவிடும். பொருத்தமான பாசி மட்டும் உயிரணுவுக்குள் ஒரு மெல்லிய பைக்குள் செரிக்காமல் தங்கிவிடுகிறது. வெளியே இரண்டு சாட்டையிழைகளால் நீந்தித் திரிந்த அந்தப் பாசி, உள்ளே வந்ததும் இழைகளை இழந்து உருண்டையாகி, அங்கேயே பிரிந்து பெருகுகிறது. இரையாக உள்ளே போனது குடியாக நிலைபெறுகிறது. இந்த ஒரு காட்சியைப் படமாக வரைந்து பாடநூலில் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இனி, இந்தப் பாடத்தை எங்கள் டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் எப்படிக் கொண்டு சேர்த்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கு அருகில் பவளப்பாறை கிடையாது. ஆனால் அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணி உண்டு. மாட்டுத் தீவனத்துக்கென்று வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் கட்டி அசோலா வளர்க்காத ஊர் இங்கே குறைவு. நடவு வயலில் விட்டுப் பின்பு சேற்றில் மிதித்துவிடுகிறவர்களும் உண்டு. ஒரு மாணவி டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் அசோலாவை நீரோடு கொண்டு வந்தாள். அதிலிருந்து செதில் போன்ற ஒரு சின்னஞ்சிறு இலையை ஊசியால் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, மேல்சில்லை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினோம். இலை நசுங்கியதும் அதன் வயிற்றுக் குழியிலிருந்து நீலப்பச்சை மணிச்சரங்கள் வெளியே வழிந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாசிமணி மாலை அறுந்து சிதறியது போல இருக்கும். அந்த மணிகளுக்கிடையே அங்கங்கே பெரிதாகவும் வெளிறியும் தடித்த சுவரோடும் சில மணிகள் இருந்தன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்குபவை அந்தத் தடித்த மணிகள்தாம். அனபீனா என்பது இந்த நீலப்பச்சைப் பாசியின் பெயர். தனித்து வாழும் அனபீனாவில் அவை பத்தில் ஒன்று என்ற அளவில் இருந்தால், அசோலாவுக்குள் வாழ்வதில் நான்கில் ஒன்று வரைகூட இருக்கும். குடியிருக்கும் வீடு, குடியிருப்பவரின் வேலையையே மாற்றிவிடுகிறது.

அன்று வரிசையில் நின்று பார்த்த பிள்ளைகளில் ஒருவன், அப்பாவோடு நாற்றங்காலில் இறங்குகிறவன், நிமிர்ந்து கேட்டான்: "டீச்சர், அப்போ அசோலா மிராசுதார், அந்தப் பாசி குத்தகைக்காரரா?" நான் அவனை அமர்த்தவில்லை. வாரமும் குத்தகையும் இந்த மண்ணில் கதையாகக் கேட்ட விஷயங்கள் அல்ல. 1952-ல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்த மண் இது. நிலக்காரருக்குப் போகும் மேல்வாரம் எவ்வளவு, உழுபவருக்கு மிஞ்சும் குடிவாரம் எவ்வளவு என்பது இங்கே தாத்தாக்களின் வாழ்வைத் தீர்மானித்த கணக்கு. அதே சொற்களை எடுத்துக்கொண்டு பவளத்துக்குப் போனேன். நல்ல வெளிச்சமுள்ள ஆழம் குறைந்த நீரில், பாசி தன் ஒளிச்சேர்க்கையால் ஆக்கியதில் 90 விழுக்காட்டுக்கும் மேலாகப் பவளம் எடுத்துக்கொள்ளக்கூடும். அதுதான் மேல்வாரம். மிச்சம் உள்ள குடிவாரத்தில் பாசி உயிர் வைத்திருக்கிறது. இதில் நீதி அநீதி பேச இடமில்லை, உயிரியலில் அப்படிப் பேசவும் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டே தொடர்ந்தேன். ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டு என்பது அவர்களுக்குப் பதிந்துவிட்டது.

பகலில் இப்படிச் சாகுபடி செய்யும் பவளம், இரவில் கைகளை விரித்து நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. பகலில் உழவு, இரவில் மீன்பிடி. எங்கள் வகுப்பில் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் நடுநாயகமான விஷயம் தழைச்சத்துதான். ஒற்றை வரிப் பாடத்தில் தொலைந்துபோவதும் அதுவே. பவளப்பாறைக் கடலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. பாசிக்குச் சூரிய ஒளி நிறையக் கிடைக்கிறது, கார்பன் கிடைக்கிறது, ஆனால் உடல் வளர்த்துப் பெருகத் தேவையான நைட்ரஜன் அளவோடுதான் கிடைக்கிறது. வளர முடியாத பாசியிடம் சர்க்கரை மிஞ்சுகிறது. மிஞ்சிய சர்க்கரையே பவளத்துக்குப் போகிறது. நெல்லுக்கு யூரியாவை வாரி இறைத்தால் பயிர் கருகருவென்று தழைத்து, கதிர் பிடிக்காமல் சாய்ந்துவிடும் என்பதை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். பாசிக்கும் அப்படித்தான். நைட்ரஜன் மிகுந்தால் அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும், பவளத்துக்குக் கொடுப்பது குறையும். பவளத்தைச் சுற்றிய நீரில் நைட்ரேட் மட்டும் மிகுந்து மணிச்சத்து குறைந்தால், பாசி மணிச்சத்துப் பஞ்சத்தில் சிக்கி, வெப்பத்துக்கும் கூரிய வெளிச்சத்துக்கும் எளிதில் பலியாகிறது என்று 2013-ல் காட்டப்பட்டது. மணிச்சத்து குறைந்த தொட்டியில் அசோலா சிவந்துபோவதைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

முன்பு சொன்ன சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களின் 2023 ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. நீரில் கரைந்திருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பவளம் தானாக எடுத்துப் பயன்படுத்த முடியாது. பாசி எடுக்கும். பாசி பெருகியதும் மிகுதியைப் பவளம் செரித்துக்கொள்கிறது. அதனால் வேறு இரை கொடுக்காத தொட்டியிலும், நீரில் இந்தச் சத்துகள் சரியான அளவில் கரைந்திருந்தால் பவளம் வளர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளிலும் அவர்கள் பார்த்தார்கள். கடற்பறவைகள் அடையும் தீவைச் சுற்றிய பவளம், பறவை குறைந்த தீவைச் சுற்றியதைவிட வேகமாக வளர்ந்திருந்தது. பறவை எச்சத்திலுள்ள சத்து மழையோடு கடலில் இறங்கிப் பாசிக்குப் போய், பாசி வழியாகப் பவளத்துக்குப் போகிறது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது எதற்கென்று தெரிந்த ஊரில், யூரியா மூட்டைக்கும் ஆட்டுக்கிடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கடலிலும் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது வெப்பம். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பல பவளங்கள் தாங்குவதில்லை. பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதடைந்து, தீங்கு செய்யும் ஆக்ஸிஜன் வடிவங்கள் உருவாகி, பாசியையும் பவளத்தையும் ஒருசேரத் தாக்குகின்றன. பாசி வெளியேறுகிறது. பவளத்தின் சதை கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெண்மையாகத் தெரிகிறது. முறிவு அந்த வெண்மைக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது என்று செங்கடல் பவளத்தில் செய்து 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வெப்பம் ஏறியதும் பவளத்துக்கு ஆற்றல் தேவை கூடி, அது தன் அமினோ அமிலங்களை எரிக்கிறது. அதிலிருந்து அம்மோனியம் வெளிப்பட்டுப் பாசிக்கு உரமாகிறது. பாசி பெருகி, சர்க்கரையைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. நிறம் மாறாமல், பார்வைக்கு நலமாக இருக்கும்போதே பவளம் பட்டினியைத் தொடங்கிவிடுகிறது. வாரம் வராத வீட்டில் கதவும் திண்ணையும் முன்போலவே இருக்கும், அடுப்பு மட்டும் எரியாது. இந்தத் தகவல் பாடத்தில் இருந்திருந்தால், "பாசி கோபித்துக்கொண்டு போய்விடுகிறது" என்று வகுப்பில் சொல்லிச் சமாளித்த பழைய நாள்கள் எனக்கு வந்திருக்காது.

வெளிறிய பவளம் இறந்த பவளம் அல்ல என்பதையும் அழுத்தி எழுத வேண்டும். வெப்பம் விரைவில் தணிந்தால் எஞ்சிய பாசி பெருகியோ புதுப் பாசி நுழைந்தோ நிறம் திரும்பும். சில வாரங்கள், சில மாதங்கள் பவளம் பட்டினியைத் தாங்கும். தணியாவிட்டால் இறந்து, அதன் மேல் இழைப்பாசி படர்ந்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2016-ன் வெளிறலுக்குப் பின், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் கணக்கிட்டார்கள். 2024 ஏப்ரலில், உலகெங்கும் நான்காவது பெரும் வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. இந்த எண்கள் நம் பிள்ளைகள் படிக்கும் காலத்து எண்கள். அவர்களின் நூலில் அவை இருக்க வேண்டும்.

கடல் சாமந்தியும் கோமாளி மீனும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இணை. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, கொட்டும் கைகளுக்கிடையே மீன் புரள்வதையே பார்த்தார்கள். அந்தக் கைகளின் நுனியில் தெரிந்த பழுப்பு நிறம் யாருடையது என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த இணையில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. மீன் கழிக்கும் அம்மோனியாவைச் சாமந்திக்குள் இருக்கும் பாசி எடுத்துக்கொள்கிறது, பாசி ஆக்கும் உணவில் சாமந்தி வளர்கிறது, வளர்ந்த சாமந்தி மீனைக் காக்கிறது. பசிபிக் கடலின் முரேயா தீவில் வெப்பத்தால் சாமந்திகள் வெளிறிய காலத்தில், அவற்றில் வாழ்ந்த கோமாளி மீன்களின் முட்டையிடல் வெகுவாகக் குறைந்தது. பாசி போனால் மீனின் தொட்டிலும் ஒழிகிறது. இரண்டு பேரின் கதையாக நாம் சொல்லிவந்தது மூன்று பேரின் கதை.

"நம் ஊரில் இல்லாத உயிருக்கு இவ்வளவு பக்கமா?" என்று உங்கள் குழுவில் யாரேனும் கேட்கலாம். நம் கரையில் ஏன் இல்லை என்பதே பாடத்தின் சிறந்த பகுதி என்பேன். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரும்போது புதுத்தண்ணீர் செம்பழுப்பாக இருக்கும். அதில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. நூற்றாண்டுக் கணக்கில் காவிரி இப்படிக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில்தான் இந்த டெல்டாவே உருவானது. அந்த வண்டலும் நன்னீரும் இறங்கும் கடலில், வெளிச்சத்தை நம்பிய பவளம் பாறை கட்ட முடியாது. நெல்லுக்கு உயிரான வண்டல், பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு இருட்டு. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது என்பதையும், கோடியக்கரைக்கு அப்பால் பாக் விரிகுடா தொடங்கி அதன் தென்கோடியில் பவளம் இருக்கிறது என்பதையும் ஒரே வரைபடத்தில் காட்டினால், வாய்க்காலும் வடிகாலும் எங்கே போய் முடிகின்றன என்று பிள்ளைகள் தாமாகவே விரலை நகர்த்திப் பார்ப்பார்கள். டெல்டாவின் யூரியாதான் பவளத்தை வெளுக்க வைக்கிறது என்று நான் சொல்லவில்லை. முதற்காரணம் கடலின் சூடு, அதில் ஐயமில்லை. ஆனால் அளவு குலைந்து கடலில் கலக்கும் சத்து சூட்டைத் தாங்கும் வலிமையைக் குறைக்கும் என்பதும் உண்மை. இலை வண்ண அட்டையை நெல் இலையோடு வைத்துப் பார்த்து, தேவையானபோது மட்டும் யூரியா போடும் வழக்கம் எங்கள் ஊர்களில் ஏற்கெனவே சொல்லித் தரப்படுகிறது. அந்த அட்டையும் இந்தப் பாடமும் ஒரே பக்கத்தில் வரலாம்.

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகியது. நாக்டிலூகா என்ற ஒற்றை உயிரணு உயிரி பெருகியதால் வந்த நிறம் அது. அந்த உயிரியே தனக்குள் பச்சைப் பாசியை வைத்து வாழும் இன்னொரு கூட்டுயிர். அது பெருகி மடிந்தபோது நீரில் ஆக்ஸிஜன் வீழ்ந்து, மீன்களோடு பவளங்களும் மூச்சுமுட்டி இறந்தன. ஒரு கூட்டுறவு மிதமிஞ்சிப் பெருகி இன்னொன்றை அழித்தது. கூட்டுயிர் வாழ்க்கை என்றாலே நன்மை என்று படித்த பிள்ளை, இந்தச் செய்தியை நாளிதழில் பார்த்துக் குழம்பிப்போய் என்னிடம் வந்தாள்.

எனவே சில மாற்றங்களைப் பணிவோடு கேட்கிறேன். மேல்நிலை வகுப்பில் இந்த உறவுக்கு மூன்று நான்கு பக்கங்களாவது ஒதுக்குங்கள். அதில் பாசி நுழையும் முறை, சத்துக் கணக்கு, முறியும் விதம் மூன்றும் வர வேண்டும். செய்முறைப் பட்டியலில் அசோலா இலையை நசுக்கிப் பார்ப்பதைச் சேருங்கள். அதற்கு ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு ஊசியும் தவிர வேறு செலவு இல்லை. ஆனால் அசோலாவையும் பவளத்தையும் ஒன்றாக்கிவிடாமல் வேறுபாட்டையும் எழுதுங்கள். அசோலாவில் குடியிருப்பவர் கொடுப்பது தழைச்சத்து, பவளத்தில் கொடுப்பது சர்க்கரை. அசோலா தன் வித்துவழியே துணையைக் கொடுத்தனுப்புகிறது, பவளத்தில் பெரும்பாலானவை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தேடுகின்றன. வினாத்தாளில் "இரண்டும் பெறும் பயன் யாது" என்பதோடு நிறுத்தாமல், "இந்த உறவு எந்தச் சூழலில் முறியும்" என்றும் கேளுங்கள். விடைக்குறிப்பு எழுதுவோருக்கு, புதிய ஆய்வையொட்டிச் சரியாக எழுதிய விடைக்கு மதிப்பெண் உண்டு என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டுயிர் வாழ்க்கை, இணைவாழ்வு, ஒருங்குயிரி வாழ்க்கை என்று வகுப்புக்கு வகுப்பு பெயர் மாறினால், பிள்ளை அவற்றை மூன்று வெவ்வேறு பாடங்களாக நினைக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வகுப்பிலும் அதையே ஆளுங்கள். மீனவர் வாயில் 'பார்' என்றும், இலங்கைத் தமிழில் 'முருகைக்கல்' என்றும் வழங்கும் சொற்களையும் அடைப்புக்குறிக்குள் தள்ளாமல் பாடத்தின் உள்ளேயே கொண்டுவாருங்கள். கடலோரத்துப் பிள்ளை தன் வீட்டுச் சொல்லை அறிவியல் நூலில் அச்சில் காணும்போது, முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாடச்சுமை கூடும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. வேறெதைக் குறைக்கலாம் என்று கேட்டால், பவள வகைகளின் இலத்தீன் பெயர்ப் பட்டியலைக் குறைக்கலாம் என்பேன். அவற்றை மறந்த ஒரு மாணவருக்கும் பின்னாளில் அதனால் இடர் வந்ததாக நான் அறியவில்லை.

இந்தப் பாடத்துக்காக நான் எழுதிவைத்த குறிப்பேடுகள் இரண்டு உள்ளன, பிள்ளைகள் வரைந்த படங்களும் உள்ளன. கேட்டால் படியெடுத்து அனுப்புகிறேன். என் வீட்டுக் கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி ஒன்றில் அசோலா ஆண்டு முழுவதும் மிதந்துகொண்டிருக்கிறது. செய்முறைக்கு வேண்டுமென்று எந்தப் பள்ளியிலிருந்து யார் வந்தாலும், ஒரு பாத்திரத்தில் நீரோடு அள்ளிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்.